டெல்லியில் பனி, சென்னையில் பட்டினி

சென்ற ஜனவரியில் ஒரு மாலை. சென்னை விமான நிலையக் கண்ணாடிக்கு வெளியே வெயில் இன்னும் தாழவில்லை. 5.40-க்குக் கிளம்ப வேண்டிய டெல்லி விமானம் 6.30-க்கு என்றார்கள். பிறகு 7.15. பிறகு 8.10. கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் காரணம் கேட்டால், "வானிலை, சார்." என் பக்கத்தில் இருந்த பெரியவர் எழுந்து போய்க் கண்ணாடி வழியாக வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். "பளிச்சென்றுதானே இருக்கிறது தம்பி?"

மூட்டம் போட்டிருந்தது டெல்லியின் காலையில். ஒரே விமானம் விடிந்ததிலிருந்து டவுன் பஸ் மாதிரி நடை அடிக்கிறது. முதல் நடை பனிமூட்டத்தில் மாட்டினால் பாக்கி நடைகள் எல்லாம் தள்ளிப்போகும். சாயங்காலம் அந்தப் பாக்கி மீனம்பாக்கத்தில் நம் தலையில் வந்து விழும். விமானம் இருக்குமிடத்தைக் காட்டும் செயலியைத் திறந்தேன். மணி ஆறு. 6.30-க்குக் கிளம்பும் என்று பலகை சொன்ன விமானம் நாக்பூர் பக்கம் பறந்துகொண்டிருந்தது. இது எனக்கே தெரியும்போது நிறுவனத்துக்குத் தெரியாதா?

பிறகு ஏன் இந்தத் தவணை? விதியைப் படித்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, இரண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட பயணமென்றால் இரண்டு மணி நேரத் தாமதத்துக்கே சிற்றுண்டி தர வேண்டும். அதற்கு மேல் ஐந்து மணி நேரம் வரையான பயணமென்றால் மூன்று மணி நேரத் தாமதத்துக்கு. டெல்லி டிக்கெட்டில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் போட்டிருக்கும். ஆகவே கோயம்புத்தூர் போகிறவரைவிட நாம் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பசிக்க வேண்டும்! அதுவும் தாமதம் 'எதிர்பார்க்கப்பட்டால்' தர வேண்டும் என்கிறது விதி. ஐம்பது ஐம்பது நிமிடமாகத் தள்ளினால் எதிர்பார்ப்பு எப்படி மூன்று மணி நேரத்தைத் தொடும்? ஆறு மணி நேரத்தைத் தாண்டும் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணமும் திரும்பக் கேட்கலாம். வெறும் தாமதத்துக்கு ரொக்க இழப்பீடு இந்த விதியில் கிடையாது.

இதற்கெல்லாம் மேலே ஒரு பூட்டு. தவிர்க்கவே முடியாத காரணம் என்றால் சிற்றுண்டிகூடத் தர வேண்டாம். வானிலையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் 'நியாயமான எல்லா முயற்சியும் செய்த பிறகும்' என்று விதியே நிபந்தனை போடுகிறது. டெல்லியில் மார்கழி, தை மாதப் பனி பஞ்சாங்கத்தில் எழுதாத குறைதான். கண் தெரியாத மூட்டத்திலும் இறங்க அங்கே கருவி இருக்கிறது. அதற்கேற்ற விமானமும், அப்படி இறங்கும் 'கேட் 3' (CAT III) முறையில் பயிற்சி பெற்ற விமானியும் வேண்டும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட விமானிகளைப் பணியில் போடாததற்காக 2024 ஜனவரியில் இரண்டு நிறுவனங்களுக்குத் தலா 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது இதே இயக்குநரகம். அந்தத் தாமதங்களுக்கும் பலகையில் வானிலை என்றுதானே போட்டிருப்பார்கள்?

ஐரோப்பாவிலும் பனிக்கு இழப்பீடு இல்லை. சோறு உண்டு. 2010-இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் வானமே மூடிக் கிடந்தபோதும் பயணிகளுக்கு உணவும் தங்குமிடமும் தந்திருக்க வேண்டும் என்று 2013-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எரிமலைக்கே சாப்பாடு!

காரணத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். மேலாளர் வந்தார், கணினியைப் பார்த்தார், "வானிலை என்றுதான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். கவுன்ட்டர் பெண்ணைக் கோபித்து என்ன பயன், அவரும் மதியத்திலிருந்து நின்றுகொண்டிருக்கிறார். பெரியவரின் மனைவி, மகளுக்காகக் கட்டிய புளியோதரையைப் பிரித்து, "சாப்பிடுங்கள் தம்பி, அவளுக்கு நாளைக்குக் கிளறிக் கொடுத்துக்கொள்கிறேன்" என்று வாழையிலையோடு நீட்டினார். சரியாக 8.40-க்கு நிறுவனத்தின் தள்ளுவண்டி வந்தது: ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு மாம்பழச் சாறு.

விமானப் பயணிகளின் புகாருக்கென்று அரசு வைத்திருக்கும் ஏர்சேவா தளத்தில் புகார் போட்டேன், நாக்பூரும் மணியும் தெரியும் படத்தோடு. பதினோராம் நாள் பதில் வந்தது: வானிலை. எந்த ஊர் வானிலை என்று மறுபடியும் கேட்டிருக்கிறேன்.