கொப்பியைத் திருப்பிக் கொடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை நடந்த சுகமளிக்கும் செபக்கூட்டத்தைப் பற்றித்தான். வீடியோ எல்லாரிடமும் இருக்கிறது. வலிப்புக்காரப் பிள்ளையின் கிளினிக் கொப்பியை மேடையில் வாங்கி வைத்து, இனிக் குளிசை தேவையில்லை என்றார்கள். நீங்கள் கைதட்டினீர்கள்.

ஆண்டவர் சுகமாக்குவார் என்று நம்புகிறவள் நான். அதனால்தான் இவ்வளவு கோபம். செபியுங்கள், எண்ணெய் பூசுங்கள். யாக்கோபு 5:14 அதைத்தான் சொல்கிறது. குளிசையை நிப்பாட்டு என்று அங்கே எங்கே இருக்கிறது?

வலிப்புக் குளிசையைத் திடீரென விட்டால் முன்பைவிடக் கடுமையாக, அடுத்தடுத்து வலிப்பு வரலாம். 5 நிமிடம் தாண்டினால் உயிர் ஆபத்து. வைத்தியரே குறைப்பதென்றாலும் படிப்படியாக, மாதக் கணக்கில்தான் குறைப்பார். காசநோய்க்கு 6 மாத மருந்து. இரண்டாம் மாதமே இருமல் நின்றுவிடலாம், அப்போது சாட்சி சொல்லிவிட்டு நிப்பாட்டினால் கிருமி மருந்துக்கு அடங்காததாகித் திரும்பி வரலாம்.

இது விசுவாசக் குறைவு என்பீர்கள். லேவியர் 13-ஐ வாசியுங்கள். தொழுநோயோ என்று சந்தேகம் வந்தவரைக் குரு 7 நாள் தனியே வைத்துப் பார்ப்பார், தெளிவில்லை என்றால் இன்னும் 7 நாள். இயேசுவும் பத்துத் தொழுநோயாளரைக் குருக்களிடம் காட்டத்தானே அனுப்பினார்? பிரான்சின் லூர்து மாதா திருத்தலத்தில் சுகம் கிடைத்ததாகப் பதிந்தவை 7000-க்கும் மேல். திருச்சபை புதுமை, அதாவது அற்புதம், என்று ஏற்றது 70-ஐச் சற்றே தாண்டும். நோய் திடீரென, முழுதாக, திரும்பி வராதபடி நீங்கியதா, மருத்துவத்தால் விளக்க முடியாததா என்று வருடக்கணக்கில் பார்த்துத்தான் சொல்கிறார்கள். அப்படிச் சலித்து எடுத்ததால்தான் அந்த எழுபதைக் கேட்கும்போது நெஞ்சு நிமிர்கிறது.

"மடு மாதா கோவிலில் நடக்கவில்லையா?" என்பீர்கள். பாம்புக்கடிக்குக் காவல் என்று மடு மண்ணை வீட்டில் வைத்திருக்கிற சனம்தான் நாங்களும். பாம்பு கடித்தால் செபித்துக்கொண்டே வாகனம் ஏறுங்கள். கடிபட்ட காலை அசைக்காதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள். ஆஸ்பத்திரியில் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள். உறையாவிட்டால் புடையன் போன்ற விரியன் பாம்பின் விஷம் ஏறியிருக்கிறது. அந்த 20 நிமிடமும் செபமாலை சொல்லலாம், யாரும் தடுக்கமாட்டார்கள்.

2009 போரில் பட்ட செல் (எறிகணை) துண்டை இன்னும் உடம்பில் சுமக்கிறவர்களிடமும் "விசுவாசம் பத்தாது" என்றுதானே சொல்கிறீர்கள்? பவுல் மூன்று தரம் கேட்டும், தன் உடலில் தைத்த முள் என்று அவர் சொன்ன வேதனை எடுபடவில்லை. அவருக்கும் பத்தாமல் போனதா? முள்ளந்தண்டு அடிபட்டுப் படுக்கையில் கிடந்துகொண்டு பிறருக்காகச் செபிக்கிறவரின் முகத்தைப் பார்த்து எப்படி இந்தச் சொல் வருகிறது?

அந்தப் பிள்ளை இன்றைக்கு இரவுக் குளிசை போட்டதா? விட்ட நாட்களுக்கும் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம், நேரே கிளினிக்குக் கொண்டுபோங்கள். கொப்பி யாரிடம் இருக்கிறதோ, விடியமுன் தாயின் கையில் கொடுத்துவிடுங்கள். என்ன குளிசை, எவ்வளவு என்பது அதில்தான் எழுதியிருக்கிறது.