யோகோவை விடுங்கள், ஜானைக் கேளுங்கள்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரியிலிருந்து வயிறு எரிகிறது. எழுதித் தீர்த்தால்தான் தூக்கம் வரும்.

மறுபடியும் யோகோ. பீட்டில்ஸ் இசைக்குழு உடைந்ததற்கு ஜான் லெனனின் காதலி யோகோ ஓனோதான் காரணம் என்கிற அதே பழைய பழி. அவர்கள் பாட்டுப் போட்ட நாட்களில் பதிவான காட்சிகளை 2021-இல் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் கிட்டத்தட்ட எட்டு மணி நேரப் படமாகத் தொகுத்துக் கண்முன் போட்டுக் காட்டிய பிறகும் யோகோ!

நண்பன் வீட்டில் ஐந்து பேர் உட்கார்ந்து அந்தப் படத்தை, 'கெட் பேக்', பார்த்துக்கொண்டிருக்கிறோம். 1969 ஜனவரி, லண்டன், ட்விக்கன்ஹாம் ஸ்டூடியோ. ஜான் பக்கத்தில் யோகோ, கையில் பேப்பர். நண்பன் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினான். எழுந்து டிவி கிட்டே போனான். யோகோ முகத்தின் மேல் விரலை வைத்தான். "இதோ, இவதான். இவ வந்து உட்கார்ந்தா, எல்லாம் போச்சு."

"என்னடா செய்கிறார்?" என்று கேட்டேன்.

"உட்கார்ந்திருக்கா இல்ல?"

"உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். அப்புறம்?"

"அதைத்தான் சொல்றேன். உட்கார்ந்திருக்கா."

பின்னால் ஓட்டினான். மறுபடி போட்டான். யோகோ பேப்பரில் ஒரு பக்கத்தைத் திருப்புகிறார். "பார், திருப்புறதைப் பார்!" மூன்றாவது தடவையும் ஓட்டினான். அதே பக்கம், அதே கை. ஒரு பெண் பேப்பர் திருப்புவதில் உலகத்தின் மிகப் பெரிய இசைக்குழு உடைந்ததற்குச் சாட்சி இருக்கிறதாம். கொஞ்ச நேரம் கழித்து அவர் ஏதோ தைத்துக்கொண்டிருக்கும் காட்சி வந்தது. அதற்கும் ரிமோட். டிவி கண்ணாடியில் அவனுடைய விரல் ரேகை, மிக்சர் எண்ணெயோடு, சரியாக யோகோ நெற்றியில் பதிந்துவிட்டது. மிச்சப் படம் முழுவதையும் அந்தக் கறை வழியாகத்தான் பார்த்தோம்.

அந்தக் காட்சியில் யோகோ பக்கத்தில் ஜான் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் கண்ணுக்குத் தெரியவில்லையா? 28 வயது ஆள். அவர்தான் கூட்டிக்கொண்டு வந்தார், அவர்தான் பக்கத்திலேயே உட்கார வைத்தார். ஸ்டூடியோவுக்குள் மனைவி, காதலி வரக்கூடாது என்று அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது என்றால், அதை உடைத்தது ஜான். அதைக் கேட்டால், "அவர் ஒரு ஜீனியஸ்டா" என்கிறான். கவனித்தீர்களா? ஜானுக்கு 'அவர்'. யோகோவுக்கு 'அவள்'. ஒரே வாயில், ஒரே மூச்சில். அங்கேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது, அப்புறம் எதற்கு விசாரணை?

ஜனவரி 10-ஆம் தேதி வந்தது. குழுவின் கிடார்காரர் ஜார்ஜ் ஹாரிசன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் குழுவை விட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ஏன் போனார்? நாலு நாள் முன்னால் அவருக்கும் குழுவின் இன்னொரு ஆளான பால் மெக்கார்ட்னிக்கும் நடந்த வாக்குவாதம் அதே படத்தில் இருக்கிறது. எப்படி வாசிக்க வேண்டும் என்று பால் சொல்லிக்கொண்டே போகிறார். நீ சொல்கிற மாதிரி வாசிக்கிறேன், வேண்டாம் என்றால் வாசிக்காமலே இருக்கிறேன் என்கிறார் ஜார்ஜ். பத்து வருடத்துக்கும் மேலாகக் கூடவே வாசித்தவன் பேசுகிற பேச்சா அது? அவர் கொண்டுவந்த பாட்டுகளை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. ஒதுக்கப்பட்ட அந்தப் பாட்டுகளில் சிலவற்றையும் சேர்த்துத்தான் 1970-இல் மூன்று ரெக்கார்டு கொண்ட ஆல்பமாக வெளியிட்டார். ஜார்ஜ் போனதும் ஜான் என்ன சொன்னார்? அவன் வராவிட்டால் வெளியே இருக்கும் கிடார் கலைஞர் எரிக் கிளாப்டனைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றார். சொன்னது ஜான்! அந்த இடத்தில் நம்ம ஆள் ரிமோட்டைத் தொடவில்லை. மிக்சரில் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தான்.

அன்று மதியம் யோகோ மைக்கில் அலறினார், உண்மை. எனக்கும் அது பிடிக்காது. அதற்கு மட்டும் துள்ளிக் குதித்து எழுந்து படத்தை நிறுத்தினான். பின்னால் கிடார் யார், டிரம்ஸ் யார் என்று கேட்டேன். ஜான், பால், குழுவின் டிரம்மர் ரிங்கோ, மூன்று பேரும் சேர்ந்துதான் வாசிக்கிறார்கள். பதில் இல்லை.

பாலின் காதலி லிண்டாவின் மகள் ஹெதர் ஸ்டூடியோவுக்கு வருகிறாள், ஓடுகிறாள், டிரம்ஸைத் தட்டுகிறாள், யோகோ மாதிரியே மைக்கில் கத்துகிறாள். நண்பன் முகமெல்லாம் சிரிப்பு. நானும் ரசித்தேன், அழகான குழந்தை. ஆனால் ஒருவர் குழந்தையைக் கூட்டி வந்தால் குடும்பப் பாசம், இன்னொருவர் காதலியைக் கூட்டி வந்தால் குடிகேடு, இது எந்த ஊர் நியாயம்?

பழி போட வேண்டும் என்றால் போட இடமா இல்லை? 1967 ஆகஸ்டில் மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன் 32 வயதில் செத்துப்போனார். அன்றைக்கே வீட்டில் பெரியவர் இல்லாமல் போயிற்று. அடுத்த வருடம் ரிங்கோ கோபித்துக்கொண்டு கிளம்பிப் போனார். திரும்பி வந்தபோது டிரம்ஸ் முழுக்கப் பூ வைத்து வரவேற்றார்கள். அப்புறம் அவர்களே தொடங்கிய ஆப்பிள் கம்பெனியில் பணம் ஓட்டைப் பானையில் தண்ணீர் மாதிரி ஒழுகியது. புது மேனேஜராக ஆலன் கிளைன்தான் வேண்டும் என்று மூன்று பேர், என் மாமனார் வீட்டு ஆட்கள்தான் வேண்டும் என்று பால். 1970 டிசம்பர் 31 அன்று பால் கோர்ட்டுக்கே போனார். அந்தக் கிளைனோடு மற்ற மூன்று பேருமே பிறகு வழக்காடினார்கள். சொத்துத் தகராறில் அண்ணன் தம்பி பிரிகிற கதை நமக்குத் தெரியாதா? அங்கேயும் கடைசியில் "வந்தவ சரியில்லை" என்றுதானே முடிப்பார்கள்.

ஜானைப் பற்றிப் பேசட்டுமே. மனைவியும் மகனும் இருக்கும்போதே இன்னொரு உறவு. பெண்களை அடித்திருக்கிறேன் என்று 1980 பேட்டியில் அவரே ஒப்புக்கொண்டார். ஹெராயின் பழக்கம் இரண்டு பேருக்கும் இருந்தது. ரசிகர்கள் கணக்கில் அவள் கெடுத்தாள், அவர் கெட்டார். "அவர் சின்ன வயசுல ரொம்பக் கஷ்டப்பட்டவர்டா" என்று இவன் தழுதழுக்கிறான். சரி, பட்டார். யோகோ டோக்கியோவில் 1945-இல் குண்டுமழைக்கு நடுவே இருந்த குழந்தை. அந்தச் சின்ன வயசு கணக்கில் வராதா?

யோகோ ஆம்ப் (கிடார் ஒலிபெருக்கிப் பெட்டி) மேல் உட்கார்ந்ததால்தான் பிரிந்தார்கள் என்று ஐம்பது வருடம் கழித்துச் சொல்வார்கள், எவ்வளவு அபத்தம் என்று பாலே அந்தப் படத்தில் பேசுகிறார். 1969-லேயே! அந்த இடத்துக்காகவே காத்திருந்தேன். வந்ததும் நான் ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்தி, "கேட்டியா?" என்றேன். "அவர் பெருந்தன்மையா சொல்றார்டா" என்றான்.

பெருந்தன்மை! அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. எழுந்துவிட்டேன். செருப்பு மாட்டப் போகும்போதுதான் பார்த்தேன்: டிவிக்குப் பக்கத்தில் என் பீட்டில்ஸ் 'அபே ரோடு' ரெக்கார்டு. மூன்று வருடம் முன்னால் "ரெண்டு நாள்ல தர்றேன்" என்று வாங்கிப் போனது. உறை மேல், அந்த நாலு பேர் ரோட்டைக் கடக்கிறார்களே, சரியாக அங்கே காபி டம்ளர் வைத்த வட்டம். ஒன்று இல்லை, இரண்டு வட்டம்! உள்ளே ரெக்கார்டே இல்லை. கேட்டால், "மச்சான் எடுத்துட்டுப் போயிருக்கான், வந்துடும்" என்கிறான்.