கடன் போன பி.டி. பீரியட்

புது டைம்டேபிள் வந்தாச்சு. வாரத்துக்கு ரெண்டு பி.டி. பீரியட். ஒண்ணு சோறு தின்ன கையோட, மண்டையைப் பிளக்குற வெயில்ல. இன்னொண்ணு வெள்ளிக்கிழமை கடைசி. முதல் வாரமே கணக்கு சார் சாக்பீஸோட உள்ளே வந்து, "போர்ஷன் முடியல, இன்னைக்கு ஒரு நாள் மட்டும்" என்கிறார். ஜூன் மாசத்துல என்னய்யா போர்ஷன் முடியல? ஆரம்பிச்சாத்தானே முடியுறதுக்கு! பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீங்கன்னு 2024 குழந்தைகள் தின விழாவுல அப்போ தமிழ்நாட்டுத் துணை முதல்வரா இருந்த உதயநிதி ஸ்டாலினே மேடையேறிச் சொல்ல வேண்டியிருந்துச்சு. கடன்னா திருப்பித் தரணும். எந்தக் கணக்கு வாத்தியார் தந்திருக்கார்?

சரி, கடன் போகாம தப்பிச்ச பீரியடைப் பார்ப்போம். 40 நிமிஷம். மாடியிலிருந்து சத்தம் போடாம வரிசையா இறங்க 5. உயர வாரியா நிறுத்தி, கை நீட்டி இடைவெளி விட்டு, அட்டென்ஷன், ஸ்டாண்ட் அட் ஈஸ், மறுபடி அட்டென்ஷன்: 5. அடுத்து கேன்வாஸ் ஷூ பரிசோதனை. அழுக்கை மறைக்க சாக்பீஸ் தேய்ச்சவன், தேய்க்க மறந்தவன், வெள்ளை சாக்ஸ் போடாதவன்னு இனம்பிரிக்க 6. ஸ்போர்ட்ஸ் ரூம் சாவி ஆபீஸ்ல, ஆபீஸ்ல ஆள் இல்ல: 4. கிடைச்ச பந்துல காத்து இல்ல. பம்ப் இருக்கு, ஊசி இல்ல (எந்த ஸ்கூல்லதான் அந்த ஊசி இருந்திருக்கு?): 3. திரும்ப மேலே ஏற 5. மிச்சம் 12 நிமிஷம்.

பந்துதான் இல்லையே, அதனால ரிலே. 45 பேர், மூணு வரிசை, வரிசைக்கு 15 பேர். ஒருத்தன் ஓடிட்டு வர 12 விநாடி. அடுத்த முறை வர்ற வரைக்கும் 168 விநாடி நிக்கணும். 12 நிமிஷத்துல நாலு ஓட்டம். ஆக மொத்தம் 48 விநாடி! ஷூவைப் பார்த்த நேரத்துல கால்வாசிகூட அந்த ஷூ ஓடல.

5 வயசுலிருந்து 17 வரைக்கும் தினமும் சராசரியா 60 நிமிஷம் வேணும்னு உலக சுகாதார நிறுவனம் கேட்குது. அதுவும் சும்மா நடக்குறதில்ல. பேச வரணும், பாட்டு வரக்கூடாது, அந்த அளவுக்காவது மூச்சு வாங்கணும். நம்ம ரிலே வரிசையில கச்சேரியே பண்ணலாம். அதே 45 பேரை அஞ்சஞ்சு பேரா ஒன்பது வரிசையாப் பிரிச்சா காத்திருப்பு 48 விநாடி, ஓட்டம் மூணு மடங்கு. செலவு? சுண்ணாம்புக் கோட்டை இன்னும் கொஞ்சம் நீட்டிப் போடணும். அவ்வளவுதான்.

கோ-கோ ஆடுனாலும் இதே கதை. குந்தியிருக்குறவங்க எட்டு, துரத்துறவன் ஒருத்தன், தப்பிக்கிறவங்க மூணு பேர். மத்த 33 பேர் ரசிகர் மன்றம். 'அவுட் ஆனா உட்காரு' ஆட்டம் அதைவிட மோசம். முதல்ல அவுட் ஆகுறது ஓட முடியாத பிள்ளை, அதுக்குத்தானே ஓட்டம் தேவை! பொண்ணுங்களுக்கு ஒரு டென்னிகாய்ட் வளையமும் வேப்பமர நிழலும் போதுமாம்.

லேட்டா வந்தவனுக்குத் தண்டனையா கிரவுண்டைச் சுத்தி நாலு ரவுண்டு. அன்னைக்கு அந்த ஸ்கூல்லயே உருப்படியா உடற்பயிற்சி செஞ்ச ஒரே ஆள் அவன்தான். ஓடுறதுன்னா தண்டனைன்னு கத்துக்கிட்டதும் அவன்தான்.

2016 கணக்குப்படி இந்தியாவுல 11 முதல் 17 வயசு வரைக்கும் கிட்டத்தட்ட நாலுல மூணு பேருக்குப் போதுமான உடலசைவு இல்ல. உடனே பழி போன் மேல. போன் பாவம்ங்க, அது பீரியடைக் கடன் வாங்கல. பி.டி. சாரைத் திட்டவும் மனசு வரல. மனுஷன் வேன் வரிசையா நிக்குதா, சட்டை உள்ளே இருக்கான்னு பார்க்குறதுலயே பாதி ஆயுசு போகுது.

அது போகட்டும். 38 டிகிரி வெயில்ல எல்.கே.ஜி. பிள்ளை கழுத்துல எலாஸ்டிக் டை எதுக்குய்யா?