ஆறாவது அறிவு மட்டும் தனியாக வந்தால்

செயற்கை நுண்ணறிவு யோசிக்கிறதா, யோசிப்பதுபோல் நடிக்கிறதா என்று நடக்கிற சண்டையில் இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது. பாளையங்கோட்டையில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். மனு, விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை, நினைவஞ்சலி அட்டை என்று ஊர்க்காரர்களின் பேச்சை எழுத்தாக்கிக் கொடுப்பதுதான் பிழைப்பு. இப்போது நிறைய பேர் சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்ததைப் போனில் காட்டி "இதை அப்படியே அடிச்சிருங்க" என்கிறார்கள். ஆகவே தத்துவக்காரர்களின் கேள்வி தினமும் என் மேஜைக்கே வந்துவிடுகிறது.

1950இல் கணித மேதை ஆலன் டூரிங் "இயந்திரம் சிந்திக்குமா" என்ற கேள்வியையே ஓரமாக எடுத்து வைத்தார். மறைவில் இருந்துகொண்டு எழுத்தில் பதில் சொல்வது மனிதனா இயந்திரமா என்று கேட்பவரால் பிரித்துச் சொல்ல முடிகிறதா, அதைப் பாருங்கள் என்றார். 30 வருடம் கழித்துத் தத்துவப் பேராசிரியர் ஜான் சேர்ல் இதற்கு எதிராக ஒரு அறையைக் கற்பனை செய்தார். உள்ளே இருப்பவருக்குச் சீன மொழியில் ஒரு எழுத்தும் தெரியாது. கதவிடுக்கு வழியாகச் சீனத்தில் கேள்விச் சீட்டு வருகிறது. எந்த எழுத்து வந்தால் எந்த எழுத்தைத் திருப்பிக் கொடுப்பது என்று ஒரு விதிப்புத்தகம் கையில் இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து எழுதிக் கொடுக்கிறார். வெளியே இருப்பவர்கள் சீனத்தைக் கரைத்துக் குடித்த ஆள் உள்ளே இருப்பதாக நம்புகிறார்கள். உள்ளே இருப்பவருக்கோ ஒன்றும் புரியவில்லை. கணினியும் இவ்வளவுதான் என்பது சேர்லின் வாதம்.

எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. என் மண்டைக்குள் இருக்கும் நரம்பணு ஒன்றுக்குக்கூடத் தமிழ் தெரியாது, ஆனாலும் எனக்குத் தமிழ் புரிகிறது. அப்படியிருக்க, உள்ளே இருக்கும் ஆளுக்குப் புரியவில்லை என்பதை வைத்து மொத்த அறைக்கும் புரியவில்லை என்று எப்படி முடிவு கட்ட? சேர்லிடமே இதைக் கேட்டார்கள். புத்தகம் முழுவதையும் அந்த ஆள் மனப்பாடம் செய்துகொண்டு வெளியே வந்தாலும் அவருக்குச் சீனம் புரிந்திருக்காதே என்றார் அவர். வழக்கு இன்னும் தீரவில்லை.

நான் நிற்கிற இடம் வேறு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவை வைத்து அடுக்குகிறது. புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, அது தொடுவுணர்வு. அதன்மேல் சுவை சேர்ந்தால் ஈரறிவு. பிறகு மோப்பம், பார்வை, செவி. இத்தனையும் வந்து சேர்ந்த பிறகுதான் "ஆறறி வதுவே அவற்றொடு மனனே." பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காகப் படித்த சூத்திரம் இப்போது எனக்குக் கனமாகத் தெரிகிறது. இந்த அடுக்கைத்தான் நாம் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். தொடாமல், ருசிக்காமல், மோந்து பார்க்காமல் நேரே மேல்மாடியில் பிறந்த ஒன்று நம்மோடு பேசுகிறது. மனிதர்கள் எழுதிக் குவித்ததை வாங்கி, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்தே அது இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. பதநீரைப் பற்றி என்னைவிட அழகாக எழுதும். அந்த அழகு முழுவதும் குடித்தவர்கள் எழுதி வைத்ததிலிருந்து வந்தது.

2023 டிசம்பரில் எங்கள் பக்கம் வந்த வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய் ஏறத்தாழ 800 பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். தங்களைச் சுற்றியும் தண்ணீர் நிற்கும்போதே புதுக்குடி ஊர்க்காரர்கள் அவர்களுக்குப் பொங்கிப் போட்டார்கள். அணையில் இத்தனை கன அடி திறந்தால் எந்த ஊருக்குள் எப்போது தண்ணீர் ஏறும் என்று கணக்குச் சொல்ல இயந்திரம் வேண்டும், கட்டாயம் வேண்டும். அதை நம்மைவிட நன்றாகவே செய்யட்டும். ஆனால் ரயிலில் இருக்கிறவர்களுக்கு இந்நேரம் பசிக்குமே என்ற அறிவு புதுக்குடிக்காரர்களுக்கு அவர்கள் வயிற்றிலிருந்து வந்தது.

இனி அட்டை விஷயம். ஆளை அடையாளம் தெரியாதபடி விவரத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். ஒரு தம்பி அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு எழுத்து கொண்டுவந்தான். "உங்கள் தோளில் ஏறி ஆற்றங்கரைக்குப் போன அந்த மாலைகளை மறப்போமா அப்பா" என்று ஒரு வரி. படித்ததும் எனக்கே தொண்டை அடைத்தது.

"அப்பா ஒன்னைய தோள்ல தூக்கிட்டு ஆத்துக்குப் போவாவளோ?" என்று கேட்டேன்.

"இல்ல அண்ணாச்சி, அதுவா போட்டுச்சு. நல்லாத்தான இருக்கு?"

"சரி, அப்பா என்ன செய்வாவ, சொல்லு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "அப்பா பம்பாய்லல்லா இருந்தாவ. கோயில் கொடைக்குத்தான் ஊருக்கு வருவாவ. வந்தா என் நோட்டு எல்லாத்துக்கும் உக்காந்து அட்டை போட்டுத் தருவாவ."

அதையே போட்டோம்.

இதைச் சொன்னால், முன்னாலும் எல்லா அட்டையிலும் "மறைந்தாலும் எங்கள் நெஞ்சில் வாழும்" என்ற ஒரே மாதிரி வரிதானே இருந்தது என்பார்கள். இருந்தது. நானே நிறைய அடித்திருக்கிறேன். அது சடங்கு, எல்லாருக்கும் பொது, சடங்கு என்று எல்லாருக்கும் தெரியும். இயந்திரம் எழுதியதோ நடக்காத ஒரு சாயங்காலத்தை ஒரு மகனின் ஞாபகமாக்கிவிட்டது. இன்னும் பத்து வருடத்தில் அவன் பிள்ளைகள் அந்த அட்டையைப் பார்த்துத் தாத்தாவை அப்படித்தானே நினைப்பார்கள்? நோட்டுக்கு அட்டை போட்ட மனிதர் எங்கே போவார்?

சில வாக்கியங்கள் யார் சொன்னாலும் உண்மை. தாமிரபரணி புன்னைக்காயல் பக்கம் கடலில் சேர்கிறது என்பதை நான் சொன்னால் என்ன, போன் சொன்னால் என்ன. சில வாக்கியங்களுக்குச் சொல்கிற ஆள்தான் ஆதாரம். "நான் இருக்கேன்", "மன்னிச்சிட்டேன்", "இனி இப்படிச் செய்ய மாட்டேன்". சொன்னவர் அதற்குப் பிணை நிற்க வேண்டும். தவறினால் அவருக்கு முகம் போகும், உறவு போகும். போவதற்கு ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து வருகிற "நான் இருக்கேன்" எவ்வளவு இதமாக ஒலித்தாலும் அதன் பின்னால் ஆள் இல்லை.

நம் பக்கம் துட்டி கேட்கப் போகிற ஆண்கள் அதிகம் பேசுவதில்லை. வீட்டுக்காரர் நீட்டுகிற கையைத் தொட்டுவிட்டுப் போய் உட்காருவார்கள். பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள். இறந்த செய்தி எல்லாருக்கும் தெரியும், புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வந்திருக்கிறேன் என்பதை உடம்பு சொல்கிறது. அங்கே நடக்கிற பேச்சு முழுக்க அந்த முதல் அறிவில் நடக்கிறது. அதனால்தான் வாட்ஸப் குரூப்பில் வரிசையாக வந்து விழும் பளபளப்பான இரங்கல் செய்திகள் எனக்கு வலிக்கின்றன. தப்பும் தவறுமாக நாலு வார்த்தை போதும், உங்களுடையதாக இருந்தால்.

மனு வேறு கதை. திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குப் போகிற ஒரு ஆச்சி தன் முதியோர் உதவித்தொகை நின்றுபோனதைப் பேத்தியின் போனில் சொல்லி, அது ஒழுங்கான மனுவாக வருகிறது என்றால் எனக்கு ரொம்பச் சந்தோஷம். என் வருமானம் கொஞ்சம் குறையும், குறையட்டும். குறை ஆச்சியுடையது, ரேகையும் ஆச்சியுடையது. இயந்திரம் அங்கே பொய்யாக எதையும் உணரத் தேவையில்லை.

கேமராவும் தொடுவுணர்வுக் கருவியும் பொருத்திவிட்டால் ஐந்தறிவும் வந்துவிடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. என் பதில்: அழுத்தத்தை அளப்பது வேறு, தொடுவதை உணர்வது வேறு. தொட்டாற்சுருங்கி இலையை மூடுவது, காப்பாற்றிக்கொள்ள அதற்கு ஒரு உயிர் இருப்பதால். கருவிக்கு இன்று அப்படி எதுவும் இருப்பதாக நான் நம்பவில்லை. என்றைக்காவது இழக்கப் பயப்படுகிற ஒன்றை நாம் செய்துவிட்டால், இங்கே நான் எழுதிய அத்தனையையும் திரும்ப யோசிக்க வேண்டியிருக்கும். அதை அணைத்து வைக்க நமக்கு உரிமை உண்டா என்று அன்றைக்குக் கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்வியை இப்போதே சிரித்துத் தள்ளுகிறவர்களோடு நான் இல்லை.