எழுதிக்கினு போனவங்க

வடசென்னையில் குப்பைமேடு இருக்கும் கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வேண்டுமா வேண்டாமா என்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாகச் சண்டை. நான் வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். நேற்று ராத்திரி ஒரு தம்பி, "சிங்கப்பூர்லயே எரிக்கிறான், உங்களுக்கு இன்னா நோவுது?" என்று கேட்டுவிட்டு, "அண்ணனையே கேளுங்க, எட்டு வருசம் அங்கதான இருந்தாரு" என்று என்னையும் கோத்துவிட்டார். அங்கே பதில் எழுதினால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆமாம், எரிக்கிறார்கள். முதல் ஆலை 1979இல் உலு பாண்டானில் வந்தது. அது மூடியாகிவிட்டது. இப்போது எரிப்பதெல்லாம் தீவின் ஓரத்தில், துவாஸ் பக்கம், செனோக்கோ பக்கம். நான் வேலை பார்த்த பட்டறை ஜூரோங்கில். துவாஸுக்கு வேலை போட்ட நாட்களில் லாரியின் பின்னால் உட்கார்ந்து அந்தப் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டே போவோம். சுற்றிலும் கப்பல் பட்டறைகளும் கிடங்குகளும்தான். குடும்பம் குட்டியோடு யாரும் அங்கே வசிப்பதில்லை, தங்குவிடுதியில் அடைந்து கிடக்கும் எங்களைப் போன்றவர்களைத் தவிர. அந்தத் "தவிர"வுக்கு அப்புறம் வருகிறேன்.

எரித்தால் குப்பையின் பருமன் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். அந்த ஒரு பங்கு எங்கே போகிறது? படகில் ஏற்றி செமாக்காவ் தீவுக்குக் கொண்டுபோகிறார்கள். இரண்டு தீவுகளுக்கு நடுவில் கடலுக்குள் கரை கட்டி, 1999இலிருந்து கொட்டி வருகிறார்கள். அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணக்குப் போட்டதும் அவர்களேதான். கணக்கை ஊருக்குச் சொன்னார்கள், பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் இடத்தையும் காட்டினார்கள். குப்பையையே குறைக்க வேண்டும் என்ற 2019ஆம் ஆண்டுத் திட்டத்துக்குப் பின்னால் இருந்தது அந்தக் கணக்குதான். புகைபோக்கியை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்கள் அந்தக் கணக்கு நோட்டைப் பார்க்கவில்லை.

நம் சாம்பல் எங்கே போகும் என்று குழுவில் ஒரே ஒரு வரி கேட்டுப் பார்த்தேன். ஒருவர் கட்டைவிரல் போட்டார்.

எண்ணூர்ப் பக்கம் பிறந்தவனுக்குச் சாம்பல் ஒன்றும் புதுசு இல்லை. அனல் மின் நிலையத்துச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகக் குட்டைக்கு அனுப்புவார்கள். குழாயில் எங்கெல்லாம் பொத்தலோ அங்கெல்லாம் கொசஸ்தலை ஆற்றில்தான் ஊற்றும். நான் சின்னப் பையனாக இருந்தபோது நெஞ்சளவு தண்ணீரில் குதித்த இடத்தில், ஊருக்குத் திரும்பி வந்து இறங்கிப் பார்த்தேன். முட்டிக்குக் கீழேதான் தண்ணீர், அதற்குக் கீழே சாம்பல் சேறு. காலை எடுத்தால் பூசின சிமெண்ட் மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது, காய்ந்தால் வெள்ளையாக வெடிக்கிறது. அந்தச் சேற்றில்தான் இருளர் பெண்கள் குனிந்து கையாலேயே இறாலைத் தடவிப் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் பறியில் போடுகிறார்கள்.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். எனக்கு அங்கே ஆச்சரியமாக இருந்தது கட்டடமும் சுத்தமும் இல்லை. அவர்கள் ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பதுதான்.

எங்கள் சூப்பர்வைசர் அந்த ஊர்த் தமிழர். உட்லண்ட்ஸில் வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிய அடுக்குமாடி வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். நாங்கள் மீன்குழம்பில் கை வைத்த நேரத்தில், கழுத்தில் அட்டை தொங்க ஒரு பெண் வந்து உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். மின்தூக்கி எப்படி, சத்தம் உண்டா, பக்கத்து வீட்டுக்காரர் பேர் தெரியுமா, அவசரத்துக்கு அவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவீர்களா, வயதான அம்மாவை வாரத்தில் எத்தனை தடவை பார்க்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதையெல்லாமா ஒரு கவர்மெண்டு கேட்கும்? அப்புறம்தான் தெரிந்தது, 1968இலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை இப்படி வீடு வீடாகப் போய்க் கேட்பது வீவகவின் வழக்கம். அந்த வீட்டில் நான் பார்த்தது 2013ஆம் வருடக் கணக்கெடுப்பு. முடிவு வெளிவந்தபோது சூப்பர்வைசர் பத்திரிகையைக் கொண்டுவந்து, "அன்னைக்கு நம்ம வீட்ல கேட்டாங்கல்ல, இந்தா" என்று காட்டினார். அவர் சொன்ன ஒரு புகார் பொதுவான புகாராக அதில் வந்திருந்தது. மனிதருக்கு அன்றைக்கு முழுக்க ஒரு பெருமை.

அதே வருடம் ஜூன் மாதம் சுமத்ராவில் காடு எரிந்து புகைமூட்டம் வந்தது. காற்று மாசுக் குறியீடு 401க்குப் போனது, அதுவரை அந்த ஊர் பார்க்காத எண். எங்கள் பட்டறையில் போர்மேன் வெள்ளைப் பலகையில் மணிக்கொரு தடவை எண்ணை அழித்து அழித்து எழுதுவார். எண் ஏறினால் முகமூடி வரும், இன்னும் ஏறினால் வெளி வேலை நிற்கும். வேலையை நிறுத்தச் சொல்ல எங்களுக்கு வாய் கிடையாது. ஆனால் பலகையில் எண் இருந்ததால் போர்மேனுக்கும் கண்ணை மூடிக்கொள்ள முடியவில்லை. அடுத்த வருடமே, 2014இல், எல்லை தாண்டி வரும் புகைக்கு வெளிநாட்டுக் கம்பெனியையும் பிடிக்கிற மாதிரி ஒரு சட்டம் போட்டார்கள்.

இங்கே எங்கள் பக்கத்து ஆலைப் பகுதியான மணலியிலும் காற்றை அளக்கிற கருவி இருக்கிறது. எண் இணையத்திலும் வருகிறது. ஆனால் அதை ஒரு பள்ளிக்கூட வாசலிலோ பஸ் ஸ்டாப்பிலோ எழுதிப் போட்டு நான் பார்த்ததில்லை. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் பெரிய தொழிற்பேட்டைகளுக்கு மதிப்பெண் போட்டது. 70ஐத் தாண்டினால் மிக மோசம் என்று அர்த்தம். மணலி வாங்கியது 76.32. எங்கள் பிள்ளைகள் பரீட்சையில் வாங்கியிருந்தால் தெருவே மிட்டாய் தின்றிருக்கும். இந்த மார்க்கை மணலியில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

இப்போது எங்கள் வீட்டுக் கதை. எர்ணாவூரில் இருக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆலை எண்ணெயும் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக உள்ளே வந்தது. தண்ணீர் வடிந்தபோது சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு நின்றது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தோம், சுண்ணாம்பு அடித்தோம், இரண்டு மாதத்தில் அது சுண்ணாம்பையும் மீறிப் பழுப்பாக எட்டிப் பார்த்தது. அந்தப் பேச்சு ஓய்வதற்குள் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள்.

அதற்கப்புறம் எங்கள் தெருவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். ஒரு குழு இல்லை, நான் எண்ணியவரைக்கும் நாலு. ஒரு கல்லூரிப் பிள்ளைகள் வந்தபோது அம்மா அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து, ஒன்றேகால் மணி நேரம் பதில் சொன்னார். நாற்றம் வாரத்தில் எத்தனை நாள், ராத்திரியா பகலா, இருமல் யாருக்கு, மருந்துக்கு எவ்வளவு, மீன் விற்பனை எவ்வளவு படுத்தது. அதில் ஒரு பிள்ளை கறுப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்தது. நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்லவில்லை. கடைசியில் ஒரு தாளில் அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நகல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அம்மா அதை ரேஷன் கார்டு உறையில் பத்திரமாக வைத்திருக்கிறார். இன்றைக்கும் மாதம் ஒரு தடவையாவது என்னிடம் கேட்பார்: "எழுதிக்கினு போனாங்களே, இன்னா ஆச்சுடா?"

தாளில் இருந்த எண்ணுக்கு நான் போன் போட்டேன். திட்டம் முடிந்துவிட்டது, அறிக்கையைக் கொடுத்தாகிவிட்டது என்றார்கள். யாரிடம் என்று கேட்டேன். மேலே என்றார்கள்.

வடசென்னை மாதிரி ஆராயப்பட்ட ஊர் இந்தத் தமிழ்நாட்டில் வேறு இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். எங்கள் ரத்தம், மூச்சு, ஆற்று மண், மீனின் செவுள் எல்லாவற்றையும் எடுத்துப் போயிருக்கிறார்கள். கொள்கை என்று ஒன்று வரும்போது மட்டும் அது எங்களைக் கேட்டு வந்ததாகத் தெரிவதில்லை.

சிங்கப்பூரில் செக் ஜாவா என்று ஒரு இடம். புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையில், கடல் வற்றும்போது மட்டும் தலை காட்டுகிற சேற்றுத் திட்டு. நம் எண்ணூர் முகத்துவாரத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். அதை மண் போட்டு மூடிவிட அரசு முடிவே செய்துவிட்டது. 2001இல் இயற்கை ஆர்வலர்களும் அருங்காட்சியக விஞ்ஞானிகளும் தொண்டர்களைக் கூட்டிக்கொண்டு போய், கயிறு கட்டி, சாண் சாணாக அங்கே என்ன உயிர் இருக்கிறதென்று எண்ணிக் கொடுத்தார்கள். அந்த டிசம்பரில், வேலை தொடங்க இருந்த நேரத்தில், அரசு திட்டத்தைத் தள்ளிவைத்தது. தள்ளித்தான் வைத்தது, ரத்து செய்யவில்லை. பெரிய புரட்சி எதுவும் அங்கே நடக்கவில்லை. நண்டையும் நட்சத்திர மீனையும் எண்ணிய தாளை ஒரு அமைச்சகம் உட்கார்ந்து படித்தது, அவ்வளவுதான்.

இங்கே நடந்தது நேர் எதிர். 1996இல் ஒப்புதல் பெற்ற, எங்கே கட்டக் கூடாது என்று காட்டும் கடற்கரை வரைபடத்தில் எண்ணூர் முகத்துவாரம் முழுசாக இருந்தது. அதற்கப்புறம் வந்த ஒரு வரைபடத்தில் முகத்துவாரமே இல்லை. 2017இல் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கியபோதுதான் இது வெளியே தெரிந்தது. ஆற்றை அங்கேயே விட்டுவிட்டுப் படத்திலிருந்து மட்டும் எடுத்துவிட்டார்கள். காட்டுக்குப்பத்து மீனவரைக் கேட்டிருந்தால் எந்த இடத்தில் எவ்வளவு ஆழம், எந்த மாதம் எந்த மீன் ஏறும் என்று தூக்கத்திலேயே சொல்லியிருப்பார்.

மீனவர் சொல்லை யாரும் ஆய்வாக எடுப்பதில்லை என்பதற்குக் காக்கா ஆழி நல்ல சாட்சி. தென் அமெரிக்கப் பக்கத்துச் சிப்பி அது, கப்பலோடு வந்தது என்கிறார்கள். நம் ஆற்றில் அடியெல்லாம் கறுப்புக் கம்பளம் மாதிரி படர்ந்து, இறால் மேயும் மண்ணை மூடிவிட்டது. மீனவர்கள் பேர் வைத்துப் புலம்பி ரொம்ப நாள் கழித்துத்தான் அதிகாரிகள் காதில் ஏறியது, விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனது. வேடிக்கை என்னவென்றால் இதே சிப்பி சிங்கப்பூருக்கும் போயிருக்கிறது, ஜொகூர் நீரிணைப் பக்கம். அங்கே ஆய்வாளர்கள் 2018இலேயே அதைப் பற்றி எழுதிவிட்டார்கள். சிப்பிக்கு இரண்டு ஊரும் ஒன்றுதான்.

இப்போது அந்தத் "தவிர". சிங்கப்பூரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்த அந்தப் பெண், சோபாவில் உட்கார்ந்திருந்த என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் கணக்கில் இல்லை. ஒரு அறையில் பன்னிரண்டு பேர் படுத்த தங்குவிடுதியைப் பற்றி, தொழிலாளர்களுக்காக உழைக்கும் அமைப்புகள் பல வருடமாக எழுதிக்கொண்டுதான் இருந்தன. யாரும் படிக்கவில்லை. 2020இல் கொரோனா வந்தது. அந்த வருடக் கடைசியில் அரசே சொன்ன கணக்கு, விடுதிகளில் இருந்தவர்களில் 47 சதவீதம் பேருக்குத் தொற்றியிருந்தது. நான் 2019இல் திரும்பி வந்துவிட்டேன். என் சித்தி மகன் உள்ளேதான் மாட்டிக்கொண்டிருந்தான், வீடியோவில் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் காட்டிக் காட்டி அழுவான். செமாக்காவுக்கு மண்ணணை போடும் முன்னால் பக்கத்திலிருந்த சகேங் தீவு மலாய் மீனவக் குடும்பங்களையும் அடுக்குமாடிக்குக் கிளப்பித்தான் விட்டார்கள். அவர்களுக்கு அதில் எவ்வளவு சம்மதம் இருந்தது என்பதும் நாம் கேட்க வேண்டிய கேள்விதான்.

எண்ணுகிற வழக்கம் நமக்குத் தெரியாதது இல்லை. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய கையோடு சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகளை எண்ணிப் பட்டியல் போட்டார்கள். 1985இல் இன்னும் 17ஐச் சேர்த்தார்கள். அதோடு பட்டியலை மூடி வைத்துவிட்டார்கள். அப்புறம் முளைத்த தெருவெல்லாம் பட்டியலில் இல்லாத தெரு, எப்போது வேண்டுமானாலும் ஊர்க்கோடியில் இருக்கும் கண்ணகி நகர், பெரும்பாக்கம் மறுகுடியமர்வு அடுக்குமாடிகளுக்கு லாரி ஏற்றலாம்.

அதனால் அந்தத் தம்பிக்கு என் பதில்: சிங்கப்பூர் மாதிரி எரிக்கலாம் என்கிறவர்கள் முதலில் சிங்கப்பூர் மாதிரி எழுதிக் காட்டட்டும். சாம்பல் எத்தனை டன், எந்த ஊரில் கொட்டுவீர்கள், அந்த ஊர்க்காரரைக் கேட்டீர்களா, பாதிக்குப் பாதி ஈரமாக இருக்கும் நம் குப்பை எப்படி எரியும், புகை அளவை எந்தத் தெருமுனையில் எழுதிப் போடுவீர்கள், எண் ஏறினால் யார் அடுப்பை அணைப்பார். 2025 மே மாதம் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்ற ஜனங்கள் கேட்டதும் கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில் சுருக்கத்தை மட்டும் தமிழில் கொடுத்தால் போதும் என்பது நம் விதி. சிங்கப்பூரில் ரயில் பெட்டியில் தொங்கும் அறிவிப்பைக்கூடத் தமிழில் போடுவார்கள். சில சமயம் எழுத்துப் பிழையோடு இருக்கும், ஆனால் இருக்கும். கொடுங்கையூர் ஆலை சம்பந்தமான முழு அறிக்கை யாரிடமாவது தமிழில் இருந்தால் கமெண்டில் போடுங்கள். பிடிஎப் வேண்டாம், ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது, காசு நான் தருகிறேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஒரு வாரம் டைம் கேட்கிறார்.