‘நைஸ்’ என்றால் முட்டாள் என்று திட்டுவதா?

‘நைஸ் என்பதன் உண்மையான அர்த்தம் முட்டாள், இனி யாரையும் அப்படிச் சொல்லாதீர்கள்’ என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவன். அது பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது முட்டாள்தனமான என்ற பொருள்தான் இருந்தது. அப்புறம் அது எதிலும் நொட்டை சொல்பவரைக் குறித்து, நுணுக்கமான என்று மாறி, 18ஆம் நூற்றாண்டில் இனிமையான என்ற இடத்துக்கு வந்துவிட்டது. இன்று யாரும் அதை முட்டாள் என்று புரிந்துகொள்வதில்லை.

நம் ‘நாற்றம்’ என்ற சொல்லையே பாருங்கள். சங்கப் பாடல்களில் அது நறுமணம். அதற்காக இன்று விருந்தாளியிடம் ‘உங்கள் வீடு நாறுகிறது’ என்று பாராட்ட முடியுமா?

நுணுக்கம் என்ற பழைய பொருள் மட்டும் இன்னும் கொஞ்சம் உயிரோடு இருக்கிறது. ‘எ நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்றால் நல்ல வேறுபாடு இல்லை, மிக நுட்பமான வேறுபாடு. மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான். மாவை ‘நைஸாக அரை’ என்று நம் வீடுகளில் சொல்வதை நினைத்துக்கொண்டால் சட்டென்று பிடிபடும்.