ஜூடோ அணிப் போட்டி 3-3 சமன் ஆனால் இப்போன் எண்ண மாட்டார்கள்

தம்பி, ஜூடோ அணிப் போட்டி பற்றி "3-3 சமன் ஆனால் அதிக இப்போன் எடுத்த அணிக்கே வெற்றி" என்று நீங்கள் போட்டிருப்பது தவறு. இப்போன் என்பது ஆட்டத்தை உடனே முடிக்கும் முழுப்புள்ளி. இப்போதைய கலப்பு அணி (ஆண்கள் மூவர், பெண்கள் மூவர்) விதிப்படி குலுக்கலில் ஓர் எடைப்பிரிவை எடுப்பார்கள். அந்த ஆட்டம் நேரே கோல்டன் ஸ்கோரில், அதாவது முதலில் புள்ளி எடுப்பவர் வெல்லும் முறையில், தொடங்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதியில் ஜப்பான் 3-1 என்று முன்னிலையில் இருந்தது. பிரான்ஸ் எட்டிப் பிடித்தது. குலுக்கலில் 90 கிலோவுக்கு மேல் விழுந்தது, பிரான்ஸின் டெடி ரினேர் முடித்துவிட்டார்.

நம்ம சுங்கை சிப்புட் ஊர்ப் பிள்ளைகளிடம் கனத்த ஆள் இல்லையென்று அந்த இடத்தைக் காலியாக விடவே கூடாது. பாயில் கால் வைக்கும் முன்பே எதிரணிக்கு ஒரு வெற்றி போய்விடும். 90 கிலோ பையனை மேலே ஏற்றுங்கள், 81 கிலோக்காரன் 90இல் நிற்கட்டும். ஐந்து பேர் அணியாக நடக்கும் கிளப் போட்டிகளும் உண்டு, அழைப்பில் எடைப்பிரிவுகளை முதலில் பாருங்கள்.